லாபிரிந்த் நடை மனநோவை மாற்றுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. முள்ளியவளைப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"அக்கா, கனடாவில் இருக்கிற என் மச்சாள் லாபிரிந்த் என்று ஒரு வட்டப் பாதையில் நடக்கிறாவாம். மனதுக்கு நல்ல ஆறுதல் என்கிறா. அம்மாவுக்கு 2009க்குப் பிறகு ஒழுங்கான நித்திரை இல்லை. முழங்கால் வருத்தமும் இருக்கிறது. எங்கள் வளவில் அப்படி ஒன்று போட்டுக் கொடுத்தால் சுகம் வருமா? அது வேதக்காரரின் வழிபாடு, எங்களுக்கு வேண்டாம் என்று அப்பா சொல்கிறார்."

அப்பாவின் சந்தேகத்தை முதலில் எடுக்கிறேன். அது தீராமல் அந்த வளவுக்குள் ஒரு கல்லும் வைக்க முடியாது.

அவர் சொல்வதில் பாதி சரி. மச்சாள் நடக்கிற பாதை அநேகமாக பிரான்சில் சார்த்ர் பேராலயத்தின் தரையில் இருப்பதைப் பார்த்துச் செய்ததாக இருக்கும். அது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தது. குறுக்களவு 13 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதற்குள் 11 சுற்றாக மடிந்து கிடக்கிற பாதையை நீட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 260 மீற்றர் வரும். பெரும்பாலான நாட்களில் அதன்மேல் கதிரைகள் கிடக்கும். 1990களின் தொடக்கத்தில், சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் குருவாக இருந்த லோரன் ஆர்ட்ரெஸ் என்ற அம்மையார் சார்த்ருக்குப் போய் அதில் நடந்துவிட்டு வந்து, அதே வடிவத்தைப் பெரிய துணியில் வரைந்து விரித்து ஊராரை நடக்கவிட்டார். ஆசுபத்திரி முற்றம், பூங்கா என்று இந்தப் பழக்கம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மற்றப் பாதி என்னவென்றால், இப்படியான சுற்றுப்பாதை கிறிஸ்தவத்தை விடப் பழையது. கிரேக்கத்தின் கிரீட் தீவில் இருந்த நொசோஸ் நகரம் கிறிஸ்துவுக்கு முன்பே தன் நாணயங்களில் இதன் எளிய, ஏழு சுற்று வடிவத்தைப் பொறித்திருக்கிறது. கர்நாடகத்தில் ஹளேபீட்டில் இருக்கிற 12ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலின் சுவரில் அபிமன்யு நுழைந்த சக்கரவியூகத்தைச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் இதே வகைச் சுற்றுப்பாதைதான். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கெடிமேட்டிலும் தருமபுரிப் பக்கம் கம்பைநல்லூரிலும் நிலத்திலேயே பழைய சுற்றுப்பாதைகள் இருக்கின்றன. ஆகவே இது ஒரு சமயத்தின் சொத்து இல்லை. அப்பா விரும்பினால் "நமசிவாய" சொல்லிக்கொண்டு நடக்கட்டும். மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் "அருள் நிறை மரியே" சொல்லட்டும். ஒன்றும் சொல்லாமல் நடந்தாலும் பாதை கோபிக்காது.

நடப்பது வழிபாடு என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவைத் தாண்டித்தான் போகிறார்கள். தேருக்குப் பின்னால் ஆண்கள் பிரதட்டை பண்ண, பெண்கள் அடியழித்துக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கோயில் வீதியை எப்படிச் சுற்ற வேண்டும் என்று கேட்டால், நிறைமாதக் கர்ப்பிணி தலையில் எண்ணெய்க்குடம் வைத்து நடப்பதுபோல என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது நாங்கள் மூன்று சுற்றையும் பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி முடிக்கிறோம், அது வேறு கதை.

அப்படியென்றால் லாபிரிந்தில் புதிதாக என்ன இருக்கிறது? இரண்டு விசயம்.

ஒன்று, அது புதிர் இல்லை. பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் "முயலுக்குக் கரட்டிடம் போக வழி காட்டுங்கள்" என்று போடுவார்களே, அதில் முட்டுச்சந்து இருக்கும், பிழையான வழி இருக்கும். லாபிரிந்தில் ஒரே வழிதான். கிளை இல்லை. கால் போகிற போக்கில் போனால் நடுவுக்குப் போய்விடுவீர்கள், அதே வழியால் திரும்பினால் வெளியே வந்துவிடுவீர்கள். அபிமன்யுவுக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. இங்கே உள்ளே போகத் தெரிந்த எவருக்கும் வெளியே வரத் தெரியும். எந்தப் பக்கம் போனால் தப்பலாம் என்று மாதக்கணக்கில் ஒவ்வொரு நாளும் முடிவெடுத்து, பிழைத்து, பிழைத்ததையே குற்றமாக நினைக்கிற ஆட்களுக்கு, இருபது நிமிடம் ஒரு முடிவும் எடுக்காமல் நடப்பது சின்ன விசயம் இல்லை.

இரண்டாவது, அது உங்களை ஏமாற்றும். ஏழு சுற்றுப் பாதையில் நடுவைச் சுற்றியுள்ள கடைசி வளையம் வரை வந்து, இதோ கை எட்டும் தூரம் என்று நினைக்கும்போது பாதை உங்களை வெளியே திருப்பி அனுப்பும். அதற்குப் பிறகுதான் உள்ளே விடும். அந்த இடத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு எரிச்சல், சிலர் அழுவார்கள்.

இதைச் சுகம் என்று சொல்லலாமா? வருத்தம் மாறும் என்று சொல்ல நான் ஆயத்தமில்லை. மெல்ல நடக்கும்போது மூச்சு ஆறுதலாகும், உள்ளங்காலில் கவனம் வரும்போது தலைக்குள் சுற்றுகிற யோசனை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். என் கண்ணால் கண்டது அவ்வளவுதான். அம்மாவுக்கு இத்தனை வருடமாக நித்திரை இல்லை என்றால் முதலில் மாவட்ட ஆசுபத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விசர் ஆசுபத்திரி என்று ஊரில் யாரும் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பாதை அதற்குப் பிறகு.

இனி என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். உளவளத்துணை வேலை செய்கிற காலத்தில் ஒரு பெண்கள் குழுவுக்கு இந்தப் பாதையைப் போட்டேன். அழகாக இருக்கட்டும் என்று பாதையின் இரண்டு பக்கமும் கல் அடுக்கி, கல்லுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தேன். அடி ஒன்றுக்கு மேல் அகலம் வைக்கவில்லை. ஒரு அக்கா வாசலில் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளிறிப்போனது. எனக்கு உடனே விளங்கவில்லை. மீள்குடியேறிய புதிதில் சிவப்புத் தடிக்கும் வெள்ளைக் கல்லுக்கும் இடையில் ஒடுக்கமான ஒற்றையடிப் பாதையில் தண்ணீர் எடுக்கப் போனவர் அவர். இந்தப் பக்கம் கால் வைத்தால் மிதிவெடி. அந்த மண்ணில் கோடு என்றால் தாண்டக்கூடாதது. நான் அவருக்கு ஆறுதல் என்று சொல்லி, அதே பாதையைத் திரும்பக் கட்டி வைத்திருந்தேன்.

அன்றே கல்லெல்லாம் அள்ளிக் கொட்டினோம். அடுத்த கிழமை தும்புத்தடிப் பிடியால் மணலில் கோடு மட்டும் கீறினேன், பாதையை மூன்றடி ஆக்கினேன். நடக்கத் தொடங்க முன் எல்லாரையும் கூட்டி, "இது வெறும் கோடு. விருப்பமில்லாத இடத்தில் தாண்டி வெளியே வாருங்கள்" என்று சொல்லி, நானே கோட்டைக் காலால் அழித்துக் காட்டினேன். அந்த அக்கா அன்றும் வரவில்லை, வேப்பமர நிழலில் இருந்து பார்த்தார். மூன்றாம் முறை எழும்பி வந்தார். சுற்றவே இல்லை. எல்லாக் கோட்டையும் மிதித்துக்கொண்டு நேரே நடுவுக்குப் போய் நின்றார். "ஐயோ, குறுக்காலை போறா!" என்று ஒருவர் கத்த, குழு முழுவதும் சிரிப்பு. எங்கள் ஊரில் அது திட்டு அல்லவா? அந்த அக்காவும் சிரித்தார். லாபிரிந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பாதையை முழுதாக நடக்க வேண்டும் என்பார்கள். வன்னியில் போடுகிறவர்கள் அதைச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லாதீர்கள். "நடுவில் உங்களுக்கு விடை கிடைக்கும்" என்று சில பேர் பேச்சு வைத்திருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராட்டம் இருந்த தாய்மாரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? அவர்கள் கேட்கிற விடை பாதையின் நடுவில் இல்லை, பதில் சொல்ல வேண்டியவர்களிடம் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் இருக்கலாம், களைப்பாறலாம். அதற்கு மேல் ஆசை காட்டக்கூடாது.

தங்கச்சி, வளவில் போடுவது கஷ்டம் இல்லை. கோலம் போடத் தெரிந்தால் போதும். ஒரு சிலுவைக் குறி கீறுங்கள். அதன் நாலு மூலையிலும் மூலை நடுவைப் பார்த்தபடி ஒரு மடக்குக் கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. சிலுவையின் மேல்நுனியை அதற்கு வலப்பக்கம் இருக்கிற முதல் நுனியோடு வளைத்துச் சேருங்கள். பிறகு இடப்பக்கம் அடுத்த நுனியை, முதல் வளைவுக்கு மேலாக, வலப்பக்கம் அடுத்ததோடு. புள்ளியும் ஒரு நுனிதான். அப்படியே எட்டு வளைவு போட்டால் ஏழு சுற்றுப் பாதை வந்துவிடும். முதலில் கொப்பியில் இரண்டு தரம் கீறிப் பாருங்கள். இரண்டடிப் பாதைக்கு 30 அடிக்கு 30 அடி இடம் வேண்டும், மூன்றடி என்றால் 45. வளவின் பின்பக்கம் பற்றையாகக் கிடந்தால் அதை வெட்டித் துப்புரவாக்கிப் போட வேண்டாம். நீங்கள் நாளாந்தம் புழங்குகிற முற்றத்தில் போடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு நடங்கள், இருட்ட முன் முடியுங்கள். பாம்பு திரிகிற நேரம்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் என்றால் நடக்கவே தேவையில்லை. ஒரு சுளகில் மணலைப் பரப்பி, அதே வடிவத்தை விரலால் கீறி மடியில் வைத்துக் கொடுங்கள். ஆட்காட்டி விரலால் பாதையில் மெல்லப் போய் மெல்லத் திரும்பி வரட்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்கை விரலால் செய்தால் இன்னும் மெதுவாக வரும், அது நல்லது. படுக்கப் போக முன் பத்து நிமிடம். பாதியில் அலுத்து மணலைக் கலைத்துவிட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள், திரும்பக் கீறிக் கொடுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சரி, அடுத்த கேள்வி மாங்குளத்தில் இருந்து.