டிரெய்லரில் சாட்டிலைட் டிவி: டிஷ் சரி, படம் எங்கே?

(காட்சி: டிரெய்லரின் வெளிச்சுவர், சிறு மூடிக்குள் கேபிள் செருகும் முனை)

அமெரிக்காவில் ஓடும் கேம்பிங் டிரெய்லர்களின் வெளிச்சுவரில் இப்படி ஒரு மூடியைப் பார்க்கலாம். சில வண்டிகளில் உள்ளே இரண்டு முனைகள் இருக்கும்: ஒன்று முகாம் திடலின் கேபிள் டிவிக்கு, மற்றது சாட்டிலைட்டுக்கு. இரண்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றே ஒன்று இருந்தால்தான் வம்பு.

அந்த ஒற்றை ஒயர் பெரும்பாலும் கூரை ஆண்டெனாவின் பூஸ்டருக்குப் போய், ஸ்ப்ளிட்டரில் பிரிந்து தொலைக்காட்சிகளைச் சேரும். அதில் டிஷ்ஷைச் செருகினால் சிக்னல் வராது. ஆளுக்கொரு பக்கமாக டிஷ்ஷைத் திருப்பிப் பொழுதைக் கழிப்பார்கள். பாவம், டிஷ் மேல் குற்றமே இல்லை.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு, சிக்னலைப் பிடித்துக் கேபிளுக்கு அனுப்பும் சிறு கருவிதான் எல்என்பி. அதற்குத் தனி மின் இணைப்பு கிடையாது. சிக்னல் இறங்கி வரும் அதே கேபிளில்தான் ரிசீவர், அதாவது செட்-டாப் பாக்ஸ், அதற்கு மின்சாரம் ஏற்றுகிறது. சாதாரண எல்என்பியில் 13 வோல்ட் வந்தால் ஒரு தொகுதி சேனல்கள், 18 வோல்ட் வந்தால் மறு தொகுதி. இறங்கும் சிக்னலோ 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர்கள் பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மின்சாரத்தையும் மேலே விடாது. ஆகவே பூஸ்டரையும் ஸ்ப்ளிட்டரையும் தவிர்த்து, டிஷ்ஷிலிருந்து ரிசீவருக்கு ஆர்ஜி6 என்னும் தடித்த கேபிளை நேராக இழுங்கள். பழைய வண்டிகளில் இருக்கும் மெலிந்த ஆர்ஜி59 இதற்குப் போதாது.

(காட்சி: கேபிள் நுனி, மிக அருகில்)

நுனியைப் பாருங்கள். நடுக்கம்பி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும். சுற்றிலும் உள்ள பின்னலில் ஓர் இழை அதைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். முடி போன்ற அந்த இழை கண்ணில் படவே படாது. விரலால் தடவிப் பார்த்து மடக்கிவிடுங்கள்.

படுக்கையறைக்கும் ஒரு ரிசீவர் வேண்டுமா? சாதாரண எல்என்பியின் ஒரே கேபிளைப் பிரிக்க முடியாது. ஒரு ரிசீவர் 13 வோல்ட் கேட்கும் நேரத்தில் மற்றது 18 கேட்கும். இரட்டை வெளியீடு உள்ள எல்என்பி, இரண்டு கேபிள்கள் என்பதே வழி. அமெரிக்கச் சாட்டிலைட் டிவி நிறுவனமான டைரக்டிவியின் ஒற்றைக் கேபிள் முறைக்கு அதற்கென்றே செய்த ஸ்ப்ளிட்டரும், கேபிளில் மின்சாரம் ஏற்றும் பவர் இன்செர்ட்டரும் உண்டு. இன்னொரு நிறுவனமான டிஷ் நெட்வொர்க்கின் டெயில்கேட்டர் போன்ற, தானே திசை தேடும் ஆண்டெனாக்கள் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் பார்க்கும். முதல் ரிசீவர் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ, இரண்டாவதுக்கும் அதுவே. வீட்டுச் சண்டைக்கு நான் பொறுப்பல்ல.

(காட்சி: மர நிழலில் டிரெய்லர், வெட்டவெளியில் முக்காலி மேல் டிஷ்)

செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால் அமெரிக்காவிலிருந்து பார்க்கத் தெற்குவானம் திறந்திருக்க வேண்டும். டிஷ் நெட்வொர்க்கின் மேற்குச் செயற்கைக்கோள் தொகுதி 110, 119, 129 பாகை மேற்குத் தீர்க்கரேகைகளில் இருக்கிறது. ஓர் இலைக்கொத்து மறைத்தாலும் படம் போய்விடும். நிழலும் வேண்டும், டிவியும் வேண்டும் என்பவர்களுக்கு முக்காலிதான் சரி. அதன் தண்டு செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் ரிசீவரின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். திரும்ப இயக்கியதும், டிஷ் நெட்வொர்க் ரிசீவர் என்றால், மெனுவில் ‘செக் ஸ்விட்ச்’ சோதனையை ஓட்டுங்கள். எந்தெந்தச் செயற்கைக்கோள் கிடைக்கிறது என்று அதுவே காட்டிவிடும்.