எக்ஸிட் போல் பார்க்க ஒரு வயர் வாங்கின கதை

வணக்கம் உறவுகளே! கொக்குவிலிலிருந்து நான்தான். அதே பிளேன்டீ, அதே பருத்தித்துறை வடை, பின்னால் அதே உரிந்த சுவர். எப்போது பெயின்ட் அடிப்பாய் என்று கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் பதில் இல்லை.

இன்றைக்கு நல்ல கோபத்தில் இருக்கிறேன். லண்டன் ஹரோவில் இருக்கிற மாமாவைத் தெரியும்தானே, போன வீடியோவில் போனுக்குள்ளால் சத்தம் போட்டவர். அவர் சனிக்கிழமை எடுத்து, "எக்ஸிட் போல் எல்லாம் சுத்தப் பொய், பிள்ளை" என்றார். எக்ஸிட் போல் என்றால், வாக்குப் போட்டு வெளியே வருகிறவர்களைக் கேட்டு முடிவைக் கணிக்கிறது. எல்லாம் என்று யாராவது சொன்னாலே எனக்கு ஏறும். சரி, பழைய தேர்தல் இரவுகளை யூடியூப்பில் தேடி, பெரிய ரிவியில் போட்டுப் பார்த்துவிட்டே பதில் சொல்வோம் என்று இறங்கினேன்.

இங்கேதான் வயர் வருகிறது. லப்டொப்பை ரிவியோடு இணைக்கிற எச்டிஎம்ஐ வயர், டவுனில் ஒரு கடையில் 1,450 ரூபாய். "ஆறடி தங்கச்சி, தாராளம்" என்றார் கடைக்காரர். வீட்டில் கொண்டுவந்து நீட்டினால் மேசைக்கு நான்கு விரல் எட்டவில்லை. அளந்து பார்த்தேன், ஐந்தடியும் இல்லை! மாற்றக் கொண்டுபோனால், "பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே" என்கிறார். பெட்டியைப் பிரிக்காமல் வயரை எப்படி ஐயா அளப்பது? கடைசியில் லப்டொப்பை அம்மம்மாவின் தையல் மெசின்மேல் வைத்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது. அந்த மெசின் முதல் தடவையாகத் தேர்தல் கடமை செய்தது.

முதலில் பிரித்தானியா, 2024 ஜூலை 4. அங்கே இரவு பத்து மணி என்றால் எங்களுக்கு அதிகாலை 2.30. லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் நிற்கிறார் என்பதால் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை. வென்று, அந்தப் பாராளுமன்றத்தின் முதல் தமிழ்ப் பெண் ஆனார். எனக்குப் பிடித்தது என்னவென்றால், பத்து மணி வரைக்கும் ஒருவரும் மூச்சுக் காட்டமாட்டார்கள். வாக்களிப்பு முடிய முன்னர் எண்ணை வெளியிட்டால் சட்டப்படி குற்றம். பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் வேளாவேளைக்கு அடிபடுகிற ஆட்கள், இதற்கு மட்டும் ஒன்றாகச் சேர்ந்து காசு போட்டு ஒரே கணிப்பைச் செய்கிறார்கள். பிக் பென் அடிக்க எண் வந்தது: தொழிற்கட்சிக்கு 410 ஆசனம், கன்சர்வேட்டிவுக்கு 131. எண்ணி முடிய 411, 121. மாமா, இது பொய்யா?

ஆனால் முழுக்கப் புகழவும் மாட்டேன். ரிஃபோர்ம் கட்சிக்கு 13 என்றார்கள், கிடைத்தது 5. லிபரல் டெமோக்ரட்டுக்கு 61 என்றார்கள், கிடைத்தது 72. பெரிய எண் சரியாக வந்தால் சின்ன எண்களை ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது இந்தியா, அதே வருசம் ஜூன் 1. அங்கேயும் சட்டம் இருக்கிறது. ஏழாவது கட்ட வாக்களிப்பு முடிந்து அரை மணித்தியாலம் போகும்வரை வாய் திறக்கக் கூடாது, அதாவது மாலை 6.30. அதுவரை திரையின் மூலையில் மணிக்கூடு பின்னோக்கி ஓடுகிறது. 6.30 ஆனதும்தான் திருவிழா! எட்டுப் பெட்டிக்குள் எட்டுப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில். நல்லூர்த் தேர் அன்றுகூட இவ்வளவு இரைச்சல் இல்லை. ஆக்சிஸ் மை இந்தியா என்கிற கணிப்பு நிறுவனம், பாஜகவின் ஆளும் கூட்டணிக்கு 361 முதல் 401 ஆசனம் வரை என்றது. வந்தது 293. பாஜகவுக்குத் தனியே 240. இடையில் பங்குச் சந்தை வேறு குதித்து ஏறி, ஜூன் 4 அன்று சென்செக்ஸ் 4,000 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. ஆக்சிஸின் தலைவர் பிரதீப் குப்தா நேரலையிலேயே அழுதுவிட்டார். பாவமாக இருந்தது. ஆனால் அந்த எண்ணை மூன்று நாள் திருப்பித் திருப்பி விற்றவர்களில் ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லையே, அதுதான் எனக்கு எரிகிறது. எத்தனை பேரைக் கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்று நின்று நிதானமாக விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் குறைந்தா போவார்கள்?

அமெரிக்காவை வேகமாகச் சொல்கிறேன், வடை ஆறுகிறது. 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல், புளோரிடா மாநிலம். அந்த மாநிலத்தின் மேற்கு மூலை ஒரு மணித்தியாலம் பிந்திய நேரத்தில் ஓடுகிறது. அங்கே வாக்களிப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே அல் கோர் வென்றார் என்று பெரும்பாலான அலைவரிசைகள் சொல்லிவிட்டன. பத்து மணியளவில் வாபஸ். விடிய இரண்டேகாலுக்கு புஷ் வென்றார் என்றார்கள். பிறகு அதுவும் வாபஸ். கோர் புஷ்ஷுக்கு போன் எடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு, திருப்பி எடுத்து "இல்லை" என்றார். எல்லோரும் ஒரே நிறுவனத்தின் தரவை வைத்துக்கொண்டு யார் முந்துவது என்று ஓடினால் இப்படித்தான் கவிழும். கடைசி வித்தியாசம் 537 வாக்கு. எங்கள் ஒழுங்கையின் கலியாண வீட்டுக்கு அதைவிடக் கூட ஆட்கள் வருவார்கள்.

ஐயோ, மறந்துவிட்டேன். மாமாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1992இல் லண்டனில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று கணித்தார்கள், கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜோன் மேஜர் 21 ஆசனப் பெரும்பான்மையோடு வந்தார். மாமா அந்த ஒரு இரவை இன்னும் விடவில்லை.

இன்னொன்றும் பிரித்தானியாவில் சொல்லாமல் விட்டேன், முக்கியமானது. வெளியே வருகிறவரிடம் "யாருக்குப் போட்டீர்கள்" என்று வாயால் கேட்பதில்லை. வாக்குச்சீட்டு மாதிரி ஒரு தாளைக் கொடுத்து, மறைவாகப் புள்ளடி போட்டு ஒரு பெட்டிக்குள் போடச் சொல்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னதும் மனுசன் வடையை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

ஏனென்றால் 2024 நவம்பர் 14, எங்கள் பாராளுமன்றத் தேர்தல், உங்களுக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு எக்ஸிட் போல் கிடையாது. நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்தால், தபால் மூல முடிவு வரும்வரை ரிவியில் பழைய கதைதான். அன்றைக்கு அப்பா பள்ளிக்கூடத்தடித் தேநீர்க் கடையில் குந்தியிருந்து, வாக்குப் போட்டு வந்தவர்களைத் தானே கேட்டார். முப்பது பேராவது இருக்கும். இரவு கொப்பியைத் திறந்து, "யாழ்ப்பாணத்தில் திசைகாட்டிக்கு ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். விடிய, ஆறு ஆசனத்தில் மூன்று அந்தத் திசைகாட்டிச் சின்னக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்கு! அப்பா வீட்டுக்கட்சி, அதாவது வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சி ஆள் என்று ஊருக்கே தெரியும். அவர் முகத்தைப் பார்த்து யார் வேறு பதில் சொல்வார்கள்?

இப்போது மனுசன் முற்றத்தில் இருந்து பழைய பிஸ்கட் ரின்னின் மூடியில் ஓட்டை போடுகிறார். அந்தத் தட்டுகிற சத்தம் மைக்கில் கேட்டால் மன்னிக்கவும்.