பீம் வரும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது காசிமேட்டில். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்த்தவர். நான் வடநாட்டில் ஒரு ஆராய்ச்சி மையத்துக்கு வேலைக்குப் போய், கன அயனி முடுக்கியை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினேன். மின்னூட்டம் ஏற்றிய கனமான அணுக்களை, அதாவது அயனிகளை, மிக வேகமாக ஓடவைக்கும் இயந்திரம் அது. பஸ்ஸை ஓட்டுவது போல அதையும் ‘ஓட்டுவது’ என்றுதான் சொல்வோம். அதை வைத்து விஞ்ஞானிகள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது அடிக்கடி செய்தியில் வரும். ராத்திரி மூன்று மணிக்கு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் நான் பேச வந்திருக்கிறேன்.

நான் ஓட்டிய வகைக்குப் பெல்லட்ரான் என்று பெயர். உலோக உருளைகளை நைலான் துண்டுகளால் கோத்த ஒரு சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும். அது மின்னூட்டத்தைச் சுமந்துபோய் நடுவில் இருக்கும் முனையத்தில் சேர்க்கும். சேரச் சேர முனையம் ஒரு கோடி வோல்ட்டையும் தாண்டும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இந்தியாவில் மும்பையில் 1988-லும் டெல்லியில் 1991-லும் இந்த வகை முடுக்கிகள் ஓடத் தொடங்கின. முடுக்கியை ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்து மூடியிருப்பார்கள்; டெல்லியில் இருப்பதன் தொட்டி மட்டும் 26 மீட்டருக்கு மேல் உயரம்.

சரி, அயனி எப்படி வேகம் எடுக்கிறது? முதலில் சிலிக்கான் அணுவுக்கு ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுத்து எதிர்மின் அயனி ஆக்குகிறோம். நேர்மின் முனையம் அதை இழுக்கிறது. அங்கே ஒரு கார்பன் தாளை வைத்திருப்போம். அதைத் துளைத்துப் போகும்போது அணு பல எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனியாகிவிடும். இழுத்த அதே முனையம் இப்போது அதைத் தள்ளிவிடும். முனையம் 1 கோடியே 20 லட்சம் வோல்ட், அயனியின் மின்னூட்டம் 8 என்றால், வந்த வழிக்கு ஒரு பங்கு, போகிற வழிக்கு எட்டுப் பங்கு. ஆக மொத்தம் அயனிக்குக் கிடைக்கும் ஆற்றல் 108 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்.

அந்தக் கார்பன் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணாடித் துண்டின் மேல் கார்பனை ஆவியாகப் படியவைத்து, அதைச் சாய்வாகத் தண்ணீரில் இறக்கினால் படலம் மட்டும் பிரிந்து மிதக்கும். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை கட்டுமே, அது போல. அடியிலிருந்து ஒரு சின்னச் சட்டத்தைக் கொடுத்து அதைத் தூக்க வேண்டும். மூச்சு பட்டாலே கிழிந்துவிடும். என்னோடு இருந்த ஒரு அம்மா நாள் முழுக்க இதையே செய்வார். ஃபேனைப் போட விடமாட்டார். அவர் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

தொட்டிக்குள் மின்பொறி பாயாமல் இருக்க சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயுவை அழுத்தி நிரப்பியிருப்போம். மணலி, எண்ணூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வாயு என்றாலே மூக்குதான் முதலில் எச்சரிக்கும். இதற்கு வாசனையே கிடையாது. காற்றைவிட ஐந்து மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கி ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். அதனால், வாயுவை முழுக்க வேறு கலன்களுக்கு மாற்றி, ஆக்சிஜனை அளந்து பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே இறங்கலாம். வாயுவை வெளியே விடுவதும் கூடாது. பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் கடுமையானது.

பராமரிப்பு முடிந்து தொட்டியை மூடியதும் கண்டிஷனிங் என்று ஒரு வேலை. வோல்ட்டேஜைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அயனி ஓடும் வெற்றிடக் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் வாயு கிளம்பும், வெற்றிடம் கெடும், எக்ஸ்ரே அளவு எகிறும். உடனே கையை எடுத்துவிட்டு, அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் அடுத்த படி. நாள்கணக்கில் இழுக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலையில் ஒரு ஆராய்ச்சி மாணவருக்குப் பீம், அதாவது அயனிக் கற்றை, கொடுத்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் இரண்டு படியைச் சேர்த்து ஏற்றிவிட்டேன். தொட்டிக்குள் இடி இடித்தது போல ஒரு சத்தம். வோல்ட்டேஜ் காட்டும் முள் சுழியத்துக்கு விழுந்தது. மறுபடி கீழிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த மாணவர் மூன்று நாள் காத்திருந்தார். அவரிடம் அன்று என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

லீவில் ஊருக்கு வந்தபோது நைனாவிடம் சொன்னேன். “ஐஸ் கேனை அவசரப்பட்டுத் தூக்கினா நடுவுல தண்ணியாத்தான் இருக்கும் நைனா. வெளிய பாத்தா பாறை மாதிரி தெரியும்” என்றார். கம்ப்ரசர் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகிறவர் அவர். அதற்குப் பிறகு நானும் சங்கிலியின் சத்தத்தைக் கேட்டுப் பழகினேன். இணைப்பு தேய்ந்தால் மீட்டர் காட்டும் முன்பே சத்தம் மாறும்.

முடுக்கி என்றாலே பெரிய படிப்பு என்று நம் பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அங்கே வெற்றிடப் பம்ப்பைப் பிரித்துப் போடுவதும், ஹீலியத்தைப் பீய்ச்சி ஓட்டை தேடுவதும், காந்தத்துக்குக் குளிர்நீர் ஓடுகிறதா என்று பார்ப்பதும் ஐடிஐயிலும் டிப்ளமோவிலும் தொழில் கற்ற கைகள்தான். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் ஃபிட்டர், ஏசி மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கனமான அயனி ஓடும்போது அந்தக் கார்பன் தாள் சீக்கிரம் பழுதாகும். பீம் மெலிந்துகொண்டே வரும். கண்ட்ரோல் ரூமிலிருந்தே அடுத்த தாளைத் திருப்பி வைப்போம். மீட்டர் மறுபடி மெல்ல ஏறும். லாக் புக்கில் நேரத்தையும் தாளின் எண்ணையும் எழுதி, இன்னும் எத்தனை நல்ல தாள் மிச்சம் என்று காலை ஷிஃப்டுக்கு வருபவரிடம் வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். வணக்கம்.