ஜெயில்னு சொன்னீங்களே சகோதரி!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். "புள்ளைங்களுக்கு வீட்டுக் கல்வியா, பள்ளிக்கூடமா"ங்கற இந்தப் பட்டிமன்றத்துல, பள்ளிக்கூடம்தான் வேணும்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி சகோதரி என்ன சொன்னாங்க? "மணி அடிச்சா உள்ள, மணி அடிச்சா வெளிய, பள்ளிக்கூடம்னா ஜெயில்"னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. சரி, 2020-ல அந்த ஜெயில உலகம் முழுக்க இழுத்துப் பூட்டுனாங்களே, யுனெஸ்கோ கணக்குல 190 நாட்டுக்கு மேல, 150 கோடிப் புள்ளைங்களுக்கு மேல வீட்டுல உக்காந்திருந்துச்சுங்களே, விடுதலையானவன் எவனாவது "என்னைய திரும்ப எப்ப உள்ள விடுவாங்க"ன்னு கேப்பானா? எம்மவன் கேட்டான்யா! தெனமும் கேட்டான்!

எடிசன் வீட்டுலதான் படிச்சாருன்னாங்க. உண்மைதான், பள்ளிக்கூடம் போனது சில மாசம்தான், அம்மா நான்சிதான் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா அந்தம்மாவே டீச்சரா வேல பாத்தவங்க, அத ஏன் சகோதரி விட்டுட்டீங்க? எல்லா வீட்டுலயும் ஒரு நான்சி இருக்காங்களா? உடம்பு முடியாத புள்ளைக்கு, பள்ளிக்கூடத்துல அடியும் கேலியும் பட்டு ஒடிஞ்சு போன புள்ளைக்கு வீட்டுக் கல்வி வரம்தான், அத நான் மறுக்கவே மாட்டேன். மத்த புள்ளைங்க?

எம்மவன் அப்ப நாலாங்கிளாஸ். நாந்தான் வாத்தியார். வாய்ப்பாடு, வகுத்தல் எல்லாம் கடகடன்னு சொல்லுவான். ஒருநாள் உள் ரூம்ல பேச்சுக்குரல் கேக்குது, எட்டிப் பாக்கறேன், வீட்டுல இருக்கற தலகாணி எல்லாத்தையும் வரிசையா உக்கார வெச்சு அட்டெண்டன்ஸ் எடுத்துட்டிருக்கான்! இவனே பேரு கூப்பிடறான், இவனே ஒவ்வொருத்தன் குரல்லயும் "உள்ளேன் டீச்சர்"ங்கறான். ஒருத்தனுக்குக் கீச்சுக்குரல், ஒருத்திக்கு மூக்கடைச்ச குரல். இன்னொரு தடவ சொல்றேன் கேளுங்க, தலகாணிக்கு அட்டெண்டன்ஸ்! வாய்ப்பாடு நான் குடுத்துட்டேன், அந்த நாப்பது குரல நான் எங்க போயி வாங்கிக் குடுப்பேன்?

ஒரு பேருக்கு மட்டும் சத்தமே வரல. அந்தத் தலகாணியத் தடவிக் குடுத்துட்டு, "இவன் வரல டீச்சர், இவங்க வீட்டுல போன் இல்ல"ன்னான்.

அன்னைக்கு ராத்திரி பாக்கறேன், நான் நடத்தின பாடத்தையெல்லாம் இன்னொரு நோட்டுல மறுபடி எழுதிட்டிருக்கான், கை வலிக்க வலிக்க. அட்டையில அவன் பேரு இல்ல, அந்தப் பையன் பேரு. அடிச்சு அடிச்சு எழுதற பய, அந்த நோட்டுல மட்டும் ஒரு அடித்தல் இல்ல நடுவர் அவர்களே.

பள்ளிக்கூடம் தொறந்த அன்னைக்கு சாயங்காலம் வந்ததும் பையத் தொறந்து பாத்தேன். காலைல ரெண்டு நோட்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருந்துச்சு.

நன்றி, வணக்கம்.