கால்டுவெல்: ஒப்பிலக்கணமும் 1849 ஆம் ஆண்டு நூலும்

வணக்கம் நண்பர்களே. நாகர்கோவிலிலிருந்து பேசுகிறேன். கால்டுவெல்லைப் பற்றிக் காணொளி போடச் சொன்னவர்களில் சிலர் அவரைப் போற்றச் சொன்னார்கள். சிலர் அவரைத் தோலுரிக்கச் சொன்னார்கள்.

1814 இல் அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல், 1838 இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகச் சென்னைக்கு வந்து, பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிகன் சபைக்கு மாறி, 1841 இல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். சங்கத்தை விட்டாரே தவிர, 1844 இல் பெண் எடுத்தது அதே சங்கத்தின் நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட் வீட்டில்தான். அந்த வகையில் அவர் நம் ஊர் மருமகன். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ் வேலையை இங்கே தொடங்கிவைத்தவர் மாமியார் மார்த்தா. மகள் எலைசாவோடு அது இடையன்குடிக்கும் போயிற்று.

1968 இல் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழக் காரணம், 1856 இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதைச் சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எல்லிஸ் 1816 இலேயே சொல்லிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் துளு, தோடா, கோண்டி வரை விரித்து, ஒலிகளையும் வேற்றுமை உருபுகளையும் வினைகளையும் ஒப்பிட்டு அதை நிலைநாட்டிய உழைப்பு கால்டுவெல்லுடையது.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1849 இல், நாடார் சமுதாயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தாம் ஊழியம் செய்த மக்களையே இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றும், பேயை வணங்குகிறவர்கள் என்றும், மந்தமானவர்கள் என்றும் அதில் சித்திரித்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் பார்வை அப்படித்தான் இருந்தது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். ஏனெனில் எதிர்ப்பு அந்தக் காலத்திலேயே, மிஷன் பள்ளியில் படித்தவர்களிடமிருந்தே கிளம்பியது. மிஷனரிகளோடு முரண்பட்ட சட்டாம்பிள்ளை என்ற நாடார் கிறிஸ்தவர் 1857 இல் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் தனிச்சபை கண்டதற்கு அந்த நூல் மூட்டிய கோபமும் ஒரு காரணம். 1877 இல் கால்டுவெல் பேராயராக அபிஷேகம் பெற்ற பின்னும் விவகாரம் அடங்கவில்லை. 1880களில் ஞானமுத்து நாடார் போன்றோர் பிரசுரங்கள் வழியாகவும் மனுக்கள் வழியாகவும் அவரைக் கண்டித்தார்கள். 1891 இல் கொடைக்கானலில் அவர் இறந்தபோது, இலக்கணத்தின் புகழும் இந்தச் சர்ச்சையும் ஒருசேர நிலைத்திருந்தன.

ஞாயிற்றை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாக எடுத்துக்கொண்ட சட்டாம்பிள்ளையின் சபையைப் பற்றி அடுத்த காணொளியில் பேசுகிறேன்.