மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் கண்முன் கொண்டுவருவது எப்படி?

[திரையில்: சி டிரைவ், யூசர்ஸ் ஃபோல்டர்]

வணக்கம். ஒரு மென்பொருளின் அமைப்புகளைப் பேக்கப் எடுக்க வேண்டும். ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போகச் சொல்கிறார்கள். சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர் என்று வரிசையாகத் திறந்தால் அப்படி ஒன்று கண்ணிலேயே படவில்லை. கவலை வேண்டாம், அது அங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கிறது.

விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேல்பகுதியில் வியூ, அதற்குள் ஷோ, அதில் ஹிட்டன் ஐட்டம்ஸ். விண்டோஸ் 10 என்றால் வியூ பட்டையிலேயே அந்தப் பெட்டி இருக்கும், டிக் செய்தால் போதும்.

[திரையில்: மங்கலான ஆப்டேட்டா ஃபோல்டர்]

பார்த்தீர்களா, மற்றவற்றைவிடச் சற்று மங்கலாக வந்து நிற்கிறது. இந்த டிக்கை எப்போதும் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஆனால் விண்டோஸில் மறைப்பு இரண்டு அடுக்கு: இதுவரை பார்த்த சாதாரண மறைப்பு ஒன்று, சிஸ்டம் ஃபைல்களுக்கான மறைப்பு மற்றொன்று. இரண்டாவதைத் திறக்க, ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் வியூ பகுதியில் 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற வரியில் டிக்கை எடுக்க வேண்டும். உடனே ஓர் எச்சரிக்கை வரும். அதை முழுதாகப் படியுங்கள். சம்மதித்தால், டெஸ்க்டாப்பிலேயே டெஸ்க்டாப்.ஐஎன்ஐ என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள் முளைக்கலாம். வைரஸ் என்று பதறி அழித்துவிடாதீர்கள். ஒன்று உங்கள் கணக்குக்குரியது, மற்றது எல்லாருக்கும் பொதுவான டெஸ்க்டாப்புக்குரியது. ஃபோல்டரின் ஐகான், காட்டும் பெயர் போன்ற விவரங்கள்தான் அதற்குள் இருக்கும்.

இந்த அடுக்கு உண்மையிலேயே கைகொடுப்பது வைரஸ் புகுந்த பென் டிரைவில். உங்கள் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் மட்டும் தெரியும். அவற்றைக் கிளிக் செய்யவே கூடாது, வைரஸ் இயங்குவதே அந்த வழியில்தான். மறைந்த ஃபோல்டரின் பிராப்பர்டீஸைத் திறந்தால், ஹிட்டன் பெட்டி சாம்பல் நிறத்தில் உறைந்துபோய், டிக்கை எடுக்கவே விடாது. சிஸ்டம் என்ற அடையாளமும் சேர்ந்து ஒட்டியிருப்பதுதான் காரணம்.

[திரையில்: கமாண்ட் பிராம்ப்ட், கட்டளை பெரிய எழுத்தில்]

முதலில் ஆன்டிவைரஸால் சுத்தம் செய்யுங்கள். பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டில் பென் டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டி என்டர். அடுத்து அட்ரிப், மைனஸ் ஹெச், மைனஸ் எஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி. இரண்டு அடையாளங்களும் ஒன்றாகக் கழன்று, தொலைந்தன என்று நினைத்த படங்களும் ஆவணங்களும் திரும்பத் தெரியும். வேலை முடிந்ததும் இரண்டாவது அடுக்கை மூடிவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் ஃபைண்டரில் கமாண்ட், ஷிப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். லினக்ஸில் பெயர் புள்ளியில் தொடங்கினாலே அது மறைந்த ஃபோல்டர். லினக்ஸில் ஃபோல்டர்களைத் திறக்கும் க்னோம் ஃபைல்ஸ் செயலியில் கண்ட்ரோலுடன் ஹெச் அழுத்துங்கள், மறைக்கவும் அதே விசைகள்தான்.