வெற்று மண்ணை மூடும் பொடுதலை

நேயர்களுக்கு வணக்கம். தோட்டத்தில் களையைக் கண்டதும் களைக்கொத்தைத் தேடுகிறோமே தவிர, அது ஏன் அங்கே முளைத்தது என்று கேட்பதில்லை. மண்ணுக்குள் உறங்கும் களை விதைகளில் பல, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். கொத்திக் கிளறும்போது அடியில் கிடந்தவற்றையும் மேலே கொண்டுவந்து, நாமே அவற்றுக்கு வெயிலைக் காட்டிவிடுகிறோம். அந்த வெற்று மண்ணை நமக்குப் பயன்படும் மூலிகையால் மூடிவிடுங்கள் என்பதே நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது.

எங்கள் கிணற்றடியில், துவைகல்லுக்கும் தென்னைக்கும் நடுவே, என் அம்மா ஓயாமல் களை பிடுங்கிக்கொண்டிருப்பார். ஓர் ஐப்பசியில், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவதற்காக வாய்க்கால் கரையிலிருந்து ஒரு கூடை பொடுதலை அறுத்துவந்தவர், மிஞ்சிய கொடிகளை அங்கே ஒரு சாண் இடைவெளியில் ஊன்றிவைத்தார். பொடுதலையை நீங்களும் வரப்புகளில் மிதித்து நடந்திருப்பீர்கள்: நுனிப்பக்கம் பல் வெட்டிய சிறிய இலை; திப்பிலி போன்ற தலையைச் சுற்றி, வெள்ளையும் ஊதாவும் கலந்த பூ வளையம். கொடி தரையைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் பிடிக்கும். பொங்கலுக்குக் கிணற்றடியை மெழுகப் போனபோது அந்த இடத்தில் மண்ணே கண்ணில் படவில்லை. பூக்களில் சிறு தேனீக்கள் மொய்த்தன.

ஆனால், அந்த இடைப்பட்ட நாட்களில் அம்மா களையெடுப்பதை ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நட்டுவிட்டுக் கைவிட்டவர்களே பின்னர் 'பலிக்கவில்லை' என்கிறார்கள். கொடி கூடும்வரை கையால் பிடுங்கியே ஆக வேண்டும்.

கோரையின் கதை வேறு. அது கிழங்கிலிருந்து கிளம்புவதால் பொடுதலையைத் துளைத்துக்கொண்டு எழுந்துவிடும். நடுவதற்கு முன்பே மண்ணை ஆழத் தோண்டி, சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும் கருநிறக் கிழங்குகளை அப்படியே பொறுக்கிவிட வேண்டும். தப்பியது தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளிவந்தால், கிழங்கின் சேமிப்பு கரைந்து தளரும்.

நேரம் நெருங்கிவிட்டதால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரமும் அரைநிழலும் உள்ள மரத்தடிக்கு வல்லாரை. ஆனால் கறிக்குப் பறிப்பவர்கள் கழிவுநீர் பாயும் இடத்தில் அதை நட வேண்டாம். தண்ணீர் தேங்காத மேட்டுக்குக் கற்பூரவல்லி. கிளையை ஒடித்து ஊன்றினாலே வரும். புதினா மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகளால் பரவுவது; செங்கல்லை ஆழப் பதித்து, அந்த வரம்புக்குள் நடுங்கள். வணக்கம்.